அங்குலத்துக்கு அரக்கு

டேப்பக்கா கடைக்கு அரக்கு வைத்த அன்று அவள் செய்த குற்றம், ஒரு மனிதரின் கழுத்தை அளந்து அவரிடமே உண்மையைச் சொன்னதுதான்.

தோளில் எந்நேரமும் தையல் டேப் தொங்குவதால் அவளுக்கு அந்தப் பெயர். காய்கறி வாங்கப் போனாலும் தொங்கும். கடை ஒன்றும் பெரிசில்லை. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு மெஷின், வெட்டும் மேஜை, துணி மாட்டிப் பார்க்க ஒரு பொம்மை, பின்னால் திரை போட்ட ஒரு மூலை. ஆனால் அவள் தைத்த சட்டை உடம்பில் உட்காரும் அழகுக்காகத் தெரு தாண்டித் தெரு ஆட்கள் வந்தார்கள்.

அன்று வந்தவர் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். கையில் தோல்பை. சட்டை தைக்க வேண்டும் என்றார். அவள் கழுத்தைச் சுற்றி டேப்பை விட்டு, "காலர் பதினஞ்சு இஞ்ச் வருது சார். மேல் பட்டன் போட்டா கொஞ்சம் இறுக்கும். பதினஞ்சரை வச்சுடவா?" என்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பதினஞ்சரை இஞ்ச்."

"நன்றி. வெளிய வாங்க."

அவள் வெளியே வந்தாள். அவர் கதவை இழுத்துச் சாத்தி, பையிலிருந்து பூட்டு, மெழுகுவர்த்தி, சிவப்பு அரக்கு, ஒரு பித்தளை முத்திரை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்தார். பூட்டின் மேல் அரக்கைச் சொட்டவிட்டு முத்திரையை அழுத்தினார். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. தபால் தலை ஒட்டுகிறவன் முகம் போல இருந்தது.

"நான் அளவைத் தூய்மைத் துறை ஆய்வாளர்" என்றார். "அங்குலம், அடி, கஜம், மைல், இதையெல்லாம் எந்த இடத்துல சொன்னாலும் அந்த இடத்துக்கு சீல் வைக்கணும். விதி ஒன்பது."

"அப்ப என்னைப் பிடிக்கலையா?"

"உங்க மேல ஒண்ணும் இல்லைம்மா. குற்றம் இடத்து மேலதான்."

கிளம்பப் போனவர் அவள் தோளைப் பார்த்து நின்றார். டேப்பின் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். ஒரு பக்கம் குற்றவாளி, ஒரு பக்கம் அப்பாவி. அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் சுருளை எடுத்து இஞ்ச் பக்கம் முழுக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, சுருக்கம் விழாமல் ஒட்டி, "இப்பக்கம் காவலில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பக்கத்தை நீங்க தாராளமா பயன்படுத்தலாம்."

"கடையைப் பூட்டிட்டு நான் எதை சார் அளக்கறது?"

"அது எங்க துறைக்கு உட்பட்டதில்லைம்மா."

அவர் போய்விட்டார். டேப்பக்கா கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். பொம்மையின் மேல் கருநீலக் கோட்டு ஒன்று நின்றது. அவள் தங்கச்சியின் கோட்டு. அதைப் பார்த்ததும் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

தங்கச்சிக்கு ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை கிடைத்திருந்தது. எத்தனையோ இடத்தில் "சொல்லி அனுப்பறோம்" கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு கிடைத்த வேலை. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். உடம்புக்குக் கச்சிதமான கருநீலக் கோட்டு இல்லாமல் வரக்கூடாது என்று ஓட்டல்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா இரண்டு தடவை பிரித்துத் தைத்து, மூன்றாம் தடவை மனசுக்குப் பிடித்து, பட்டன் மட்டும் வைக்காமல் நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே அளவைத் தூய்மைத் துறை அலுவலகத்துக்குப் போனாள். ஏற்கெனவே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. அவளுக்கு முன்னால் பைப் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர். அவருடைய சாமான் அறைக்கு சீல்.

"கடையில போய் பைப் கேக்கறதே கஞ்சா வாங்கற மாதிரி ஆயிடுச்சும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "'அண்ணே, அது இருக்கா'ன்னு கேக்கணும். 'எது'ம்பான். 'அதான், பாதி'ன்னா, அவன் ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, 'பாதியா, முக்காலா'ம்பான். அன்னிக்கு ஒரு நாள் என் சாமான் அறையில நின்னு, மறந்துபோய் வாயால சொல்லிட்டேன்."

அவருக்கு முன்னால் டிவி கடைக்காரர். அவர் பலகையில் ஐம்பத்தைந்து இஞ்ச் என்று எழுதியிருந்ததை அழித்து நூற்று முப்பத்தொன்பது புள்ளி ஏழு என்று மாற்றியிருந்தார். அவ்வளவு பெரிய டிவி வீட்டுக்குள் நுழையாது என்று வந்தவர்களெல்லாம் திரும்பிப் போனார்கள். ஒருவரைப் போகவிடாமல் பிடித்து நிறுத்தி, காதோடு காதாகப் பழைய கணக்கைச் சொல்லியிருக்கிறார். காது ஆய்வாளருடையது.

அவருக்கும் முன்னால் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. "யாரு வகுப்புல சத்தம் போட்டாலும் நாலு அடி விழும்" என்று அவர் சொன்னதற்காகப் பள்ளிக்கு சீல் வைத்துவிட்டு, பிறகு ஆய்வாளருக்கே சந்தேகம் வந்து மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் சுற்றறிக்கையாக வந்தது. பிள்ளைகளை அடிப்பதில் துறைக்கு ஆட்சேபணை இல்லை. எத்தனை அடி என்று எண்ணுவதுதான் தவறு. இனி எண்ணாமல் அடிக்கலாம். தலைமையாசிரியை அந்தச் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நின்றிருந்தார்.

டேப்பக்காவின் முறை வந்தபோது மதியமாகியிருந்தது. இயக்குநர் அறை குளிர்ந்திருந்தது. பெரிய மேஜை, பின்னால் தங்கச் சட்டம் போட்ட ஒரு மீட்டர் கோல். மேஜை மேல் டிபன் டப்பாவும் ஒரு போட்டோவும். போட்டோவில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நெட்டைப் பையன். ஆய்வாளர் தோல்பையோடு இயக்குநருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். "கடையைத் திறக்க வேணாம் சார். அந்தக் கோட்டை மட்டும் எடுத்துக்கறேன். உங்க ஆளு கூட நின்னு பார்க்கட்டும். தங்கச்சி திங்கக்கிழமை வேலையில சேரணும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். பேசப் போகிறார் என்று தெரிந்ததும் ஆய்வாளர் ஒரு தம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்தார்.

"அம்மா, என்னைப் பார்த்தா உங்களுக்கு ஒரு மனுஷன் உக்காந்திருக்கிற மாதிரி தெரியும். அது தப்பு. நான் ஒரு அளவு. அளவு அழுமா? அளவு பக்கத்து வீட்டுக்காரங்களுக்குச் சலுகை காட்டுமா? நூறு சென்டிமீட்டர் சேர்ந்தாத்தான் மீட்டர். உங்க தங்கச்சி நல்ல பொண்ணுங்கறதுக்காக தொண்ணூத்தெட்டுல மீட்டர்னு ஒத்துக்க முடியுமா?"

"அவ கோட்டுதான் சார் கேக்கறேன்."

"இப்ப கோட்டும்பீங்க. அப்புறம் கத்தரிக்கோல்ம்பீங்க. அப்படித்தான் நாடு சரியும். இந்த விதி ஒன்பதை நான்தான் எழுதினேன். முதல்ல ஆளுங்களைப் பிடிக்கறதாத்தான் இருந்துச்சு. ஆளைப் பிடிச்சா வக்கீல் வைக்கறான், அழறான், மேலிடத்துக்குப் போறான். இடம் அப்படியில்லை. இடத்துக்கு வாய் கிடையாது. அதனாலதான் நம்ம துறையில இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார் கூட இல்லை." அவர் தண்ணீர் குடித்தார். "நீங்க இரக்கம் கேக்கறீங்க. கொடுக்கக்கூடாதுன்னு இல்லை. இரக்கத்துக்கு மெட்ரிக்ல அலகு கிடையாது. இருந்தா இத்தனை கிராம்னு நானே நிறுத்துக் கொடுத்திருப்பேன்."

"அப்ப சீலை எப்ப சார் எடுப்பீங்க?"

"தூய்மை முகாம்ல சேர்ந்து, தேர்வெழுதிப் பாஸ் பண்ணணும். அப்புறம் முத்திரை நீக்கப் பிரிவுக்கு மனு போடணும்."

"அந்தப் பிரிவு எங்க சார் இருக்கு?"

"அதுக்கு இன்னும் ஆள் போடலை. அரக்கு வைக்கத்தான் ஆள் கொடுத்திருக்காங்க" என்றார் இயக்குநர், பெருமையாகவே.

திங்கட்கிழமை தங்கச்சி எதிர்வீட்டு அம்மாவின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். நிறம் சரியாக இருந்தது. ஆனால் தோள்பட்டை முழங்கை நோக்கி இறங்கியிருந்தது, கை விரல் நுனியை மூடியது. அக்கா ஊசியும் நூலுமாக உள்ளே மடித்து மடித்துப் பார்த்தாள். அது கோட்டாக இல்லை, கூடாரமாக இருந்தது. டேப்பக்காவின் கணவர், தங்கச்சிக்கு அத்தான், தன் சரக்கு வேனில் ஓட்டல் வாசல் வரை கொண்டுபோய் விட்டார். வேனைத் திருப்பிக்கொண்டு அவர் வருவதற்குள் தங்கச்சி வெளியே வந்துவிட்டாள்.

"என்னம்மா, அதுக்குள்ள?"

"வேற பொண்ணைக் கூப்பிட்டுட்டாங்க அத்தான். விருந்தாளிங்க என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களாம்."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்து எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, அந்த இயக்குநரைச் சும்மா விடக்கூடாது" என்றாள்.

"விட மாட்டேன்" என்றாள் அக்கா. துணி கிழிவது போலக் குரல் வந்தது. அத்தான் சமையலறைக்குள் போய் எதையோ தேடுவது போல நின்றுகொண்டார்.

முகாம் ஒரு பழைய கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பைப்காரரும் டிவிக்காரரும் தலைமையாசிரியையும் டேப்பக்காவும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். காலையில் உறுதிமொழி: "நான் இதுவரை வாழ்ந்தது அளவில்லாத வாழ்க்கை." பிறகு ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் பழைய குற்றத்தைச் சொல்ல வேண்டும்; அதற்காக அந்தக் கூடத்துக்கு மட்டும் விதி ஒன்பதிலிருந்து விலக்கு. வேடிக்கை பார்க்க வெளியாட்களையும் விட்டிருந்தார்கள். டேப்பக்காவின் வாடிக்கையாளர்கள் சிலர் முன்வரிசையில் இருந்தார்கள். "நான் பல பேரோட இடுப்பை இஞ்ச்ல அளந்தேன்" என்று அவள் சொன்னபோது கூடம் சிரித்தது. இயக்குநர் எழுந்து, "சத்தமா, கேக்கலை" என்றார். அவள் மறுபடி சொன்னாள். "கடைசி வரிசைக்கும் கேக்கணும்" என்றார். மூன்றாம் தடவையும் சொன்னாள்.

தேர்வில் நால்வரும் தேறினார்கள். அதற்குப் பரிசாக அவர்களைக் கௌரவப் பயிற்றுநர்கள் ஆக்கினார்கள். தேதி குறிப்பது இயக்குநர், அடுத்த முகாம் நடத்த வேண்டியது அவர்கள் பொறுப்பு. காரணம் எளிமையானது: துறையில் அந்தத் தேர்வை எழுதியவர்கள் யாரும் இல்லை. அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள்.

அரக்கு அப்படியே இருந்தது.

இதற்குள் தங்கச்சி அளவைத் தூய்மைத் துறை அலுவலகக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஓட்டலில் விருந்தாளிகளிடம் பேசக் கற்று வைத்திருந்த பேச்சு வீணாகவில்லை. அறை அறையாக டீ கொண்டுபோனாள். யாருக்கு எத்தனை சர்க்கரை, யாருக்கு எதில் பெருமை எல்லாம் அவளுக்குத் தெரிந்துபோனது.

ஒரு நாள் வந்து சொன்னாள். "அக்கா, இயக்குநருக்கு அவர் பையன்னா உசிரு. அவன் வளந்ததே இவர் போட்ட விதியாலதான்ங்கற மாதிரி பேசறார். டீ ஆறிப்போயிடுது, பேச்சு ஆற மாட்டேங்குது."

டேப்பக்கா சிரித்தாள். கடை பூட்டிய பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மக்கள் குறைகேட்கும் நாளில் இயக்குநர் அறைக்குப் போனாள். ஆய்வாளர் வழக்கம் போலப் பின்னால் நின்றார். தங்கச்சி டீ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"முகாம் நல்லா இருந்துச்சு சார். நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் டேப்பக்கா.

இயக்குநர் மலர்ந்தார். இதுவரை யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை.

அவள் போட்டோவை அப்போதுதான் கவனித்தது போலக் குனிந்து பார்த்தாள். "தம்பியா சார்? நல்ல களையான முகம். உயரம் கொஞ்சம் கம்மி. பரவாயில்லை, வயசு இருக்கு."

"கம்மியா?"

"தையக்காரி கண்ணு சார், பார்த்தாலே சொல்லிடும். நூத்தி அறுபத்தஞ்சு சென்டிமீட்டர் இருப்பார்."

"என்னது, நூத்தி அறுபத்தஞ்சா? நல்லா பாரும்மா! டீம்லயே அவன்தான் நெட்டை!"

"ஒரு நூத்தி எழுபதுன்னு வச்சுக்கலாம் சார். பெத்தவங்களுக்குப் பிள்ளை எப்பவும் பெரிசாத்தான் தெரியும்."

இயக்குநர் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "ஆறடி ரெண்டு இஞ்ச்மா அவன்! ஆறடி, ரெண்டு, இஞ்ச்!"

தங்கச்சி டீயைக் கீழே வைத்தாள். பின்னால் தோல்பையின் பித்தளைக் கொக்கி கழலும் சத்தம் கேட்டது.

"சார், வெளிய வாங்க" என்றார் ஆய்வாளர்.

"யோவ், நான் ஒரு விளக்கத்துக்காகச் சொன்னேன்யா."

"உங்க மேல ஒண்ணும் இல்லை சார். குற்றம் இடத்து மேலதான்."

"நான் இயக்குநர்யா!"

"விதியில 'எந்த இடத்துல சொன்னாலும்'னு இருக்கு சார். நீங்க எழுதினது. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க."

அந்த மனிதரின் முகம் அப்போதும் தபால் தலை ஒட்டும் முகமாகவே இருந்தது. பூட்டு, மெழுகுவர்த்தி, அரக்கு, முத்திரை. மூக்குக்கண்ணாடி உள்ளே, கையெழுத்துப் பேனா உள்ளே, டிபன் டப்பா உள்ளே. இயக்குநர் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு தன் மதிய சாப்பாட்டைப் பார்த்தார். டேப்பக்கா பக்கத்தில் நின்று அவர் பார்ப்பதை ஆசை தீரப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. விஷயம் என்னவென்று விசாரிக்க இணை இயக்குநர் தன் அறையில் எல்லோரையும் கூட்டினார். "நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? ஆறடின்னு சொன்னேன்" என்று இயக்குநர் அங்கே விளக்கினார். அந்த அறைக்கும் அரக்கு. கூட்ட அரங்கத்துக்குப் போனார்கள். "இந்த ஆய்வாளர் ஒரு இஞ்ச் கூட இறங்கி வர மாட்டேங்கறாரே!" என்று இணை இயக்குநர் கத்தினார். ஆய்வாளர் இறங்கி வரவில்லை, அரங்கத்தைப் பூட்டினார். கணக்குப் பிரிவுக்குத் தங்கச்சி டீ கொண்டுபோய், வீட்டில் டிவி வாங்கப் போகிறோம், எது நல்லது என்று கேட்டாள். அந்தப் பிரிவில் ஆறு பேர், ஆறு பேருக்கும் கருத்து இருந்தது. அவள் காலி தம்ளர்களைப் பொறுக்குவதற்குள் பிரிவு வராந்தாவுக்கு வந்துவிட்டது.

கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று பைப்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு பைப்பைத் தூக்கிக் காட்டி, "பன்னண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர் போடட்டுமா, பத்தொம்பது புள்ளி பூஜ்யம் அஞ்சு போடட்டுமா?" என்று பணிவாகக் கேட்டார். அவசரத்தில் இருந்த ஒரு கண்காணிப்பாளர், "யோவ், அரை இஞ்ச்சைப் போட்டுத் தொலைய்யா!" என்றார். கழிப்பறைக்கு அரக்கு வைத்த அன்றுதான் துறை ஊழியர்கள் முதன்முதலாக விதி ஒன்பது கொஞ்சம் கடுமையானது என்று பேசிக்கொண்டார்கள். வராந்தாவிலேயே பேசிக்கொண்டதால், எந்தெந்த வார்த்தைக்கு சீல் என்று ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லியும் கொண்டார்கள். வராந்தாவும் போயிற்று.

கடைசியில் வாசல் கேட்டுக்கே பூட்டு விழுந்தது. அளவைத் தூய்மைத் துறை முழுவதும் நடைபாதையில் நின்றது. மனு கொடுக்க வந்தவர்களின் வரிசைக்குப் பின்னால் அதிகாரிகள் வரிசை. ஒரு தோசைக்கல் அளவு நிழலுக்கு இணை இயக்குநரும் கணக்கரும் தள்ளிக்கொண்டார்கள். டிவி கடைக்காரர் தினமும் வந்து எதிர்ப்பக்கம் நின்று, கடலை கொறித்துக்கொண்டே பார்த்துவிட்டுப் போனார்.

அரசாங்க அலுவலகம் தெருவில் நிற்பதைப் பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்ததும் மேலிடத்துக்கு ரோஷம் வந்தது. செயலாளர் இரண்டு வரியில் ஆணை அனுப்பினார். விதி ஒன்பது ரத்து. எல்லா அரக்கையும் உடனே உடைக்க வேண்டும். இயக்குநர் மட்டும் தூய்மை முகாமில் தேறிய பிறகே பதவிக்குத் திரும்ப வேண்டும். துறைத் தலைவரே அடி, அங்குலம் பேசினார் என்று ஊர் சிரித்ததற்கு ஏதாவது செய்தாக வேண்டுமே.

ஆய்வாளர் ஒரு சின்னச் சுத்தியலோடு ஊரெல்லாம் போய் அரக்கு உடைத்தார். டேப்பக்கா கடைக்கும் வந்தார். "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். அவள் உள்ளே நுழைந்தபோது ஈர நாற்றம் முகத்தில் அடித்தது. கூரை ஒழுகி, பொம்மையின் தோளில் இறங்கியிருந்தது. கருநீலக் கோட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. தங்கச்சி அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் தோளில் அச்சாக உட்கார்ந்தது. கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

இயக்குநர் முன்பே தேதி குறித்து வைத்திருந்த அடுத்த முகாம் அதே கூடத்தில் நடந்தது. பயிற்றுநர் நாற்காலியில் டேப்பக்கா. சின்னப் பெஞ்சில் இயக்குநர் ஒருவர் மட்டும். முதல் நாள் விறைப்பாக இருந்தவர், உறுதிமொழியில் குனிந்தார். மேடையேற்றியபோது, கூடம் நிரம்ப ஆள் வந்திருந்தது. "நான் என் மகனை அடியில அளந்தேன்" என்றார். தலைமையாசிரியை முதல் வரிசையிலிருந்து, "எண்ணினீங்களா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்னைவிட இளைத்திருந்தார். காலர் கழுத்தைச் சுற்றித் தளர்ந்து கிடந்ததை டேப்பக்கா கவனித்தாள்.

தேர்வை அவர் நன்றாகவே எழுதினார். ஒரு பிழை கிடையாது.

முடிவு சொல்லும் நாளுக்கு முன்னால் செயலாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சும்மா ஒரு சம்பிரதாயம்தாம்மா. பாஸ்னு போட்டு அனுப்பிடுங்க."

அத்தானும் அதையே சொன்னார். "பாவம், ரிட்டயர் ஆகற வயசு. உன் கடைதான் திறந்தாச்சே. போனா போகுது, விட்டுடு."

அவளுக்கும் ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது. பொய் சொல்வானேன், அந்தத் தளர்ந்த காலர் மனசைக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அடுப்படியில் தங்கச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேன்டீன் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவள் கைவிரல்கள் சொரசொரப்பாகியிருந்தன. புன்னகைத்து "வணக்கம், வாங்க" என்று சொல்லிப் பழகுவதையும் விட்டிருந்தாள். முன்பெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று தினமும் சொல்லிப் பார்ப்பாள்.

மறுநாள் டேப்பக்கா இயக்குநரைக் கூப்பிட்டு விடைத்தாளை அவர் கையில் கொடுத்தாள். மேலே சிவப்பு மையில் "தேர்ச்சி இல்லை" என்று இருந்தது.

அவர் முன்னும் பின்னும் புரட்டினார். "எதும்மா தப்பு?"

"ஒண்ணும் தப்பில்லை சார். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

"அப்புறம் எதுக்கும்மா பெயில்?"

"போடணும்னு தோணுச்சு. போட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். அவளைத் தடுக்கும் ஏதாவது விதியைத் தேடியிருப்பார். ஒன்றும் கிடைக்கவில்லை. பயிற்றுநர் எதற்காகப் பெயில் போடலாம், எதற்காகப் போடக்கூடாது என்று அவர் எழுதி வைத்திருக்கவில்லை. குரல் இறங்கியது. "இது அநியாயம்மா."

"ஆமா சார்" என்றாள் அவள். "அநியாயம்தான்."

வெளியே அத்தான் வேனில் ஹாரன் அடித்தார். தங்கச்சி முன்சீட்டில் உட்கார்ந்து கையசைத்தாள். டேப்பக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்று அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். "அடுத்த முகாம் எப்பன்னாவது சொல்லுங்க. மறுபடி எழுதிடறேன்."

"அதுக்கு இயக்குநர்தான் சார் தேதி குறிக்கணும்" என்றாள் டேப்பக்கா. "இப்ப அந்த இடம் காலியா இருக்கு."